எப்சத்தில் கட்சிகள் ஏன் ஜெயிப்பதில்லை?

எப்சம் என்றால் நம்மில் பலருக்கு உப்புதான் ஞாபகம் வரும். குதிரைப் பந்தயம் தெரிந்தவர்களுக்கு டெர்பி. லண்டனுக்குத் தெற்கே, சர்ரே கவுண்டியில் இருக்கும் இந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு விசேஷமும் உண்டு. எப்சம்-யூவல் பரோ கவுன்சில் 1937-ல் உருவானது. அன்றிலிருந்து அதை ஆள்வது குடியிருப்போர் சங்கங்கள். கன்சர்வேட்டிவும் இல்லை, லேபரும் இல்லை.

இத்தனைக்கும் இது டோரி கோட்டை. 1974-ல் உருவான எப்சம்-யூவல் நாடாளுமன்றத் தொகுதி, 2024-ல் லிபரல் டெமாக்ரட் வெல்லும்வரை கன்சர்வேட்டிவ் கையைவிட்டுப் போகவே இல்லை. அதாவது அதே மக்கள், நாட்டுக்கு ஒரு மாதிரியும் ஊருக்கு வேறு மாதிரியும் ஐம்பது வருஷம் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஏன்? 1930களுக்குப் போக வேண்டும். ஸ்டோன்லீயில் ரயில் நிலையம் திறந்தது 1932-ல். லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக வயல்வெளியில் மளமளவென்று வீடுகள் எழும்பின. புதிதாகக் குடிவந்தவர்களின் கவலை ரோடு, சாக்கடை, பக்கத்து வயலும் வீடாகிவிடுமோ என்பது. இதற்கெல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் கட்சி எதற்கு? லண்டன் விழுங்கிவிடுமோ என்ற பயமும் இருந்தது. அது வீண் பயமில்லை. ஹெர்பர்ட் கமிஷன் இந்த ஊரையும் பெருநகர லண்டனில் சேர்க்கச் சொன்னது. 1965-ல் தப்பித்தார்கள். 1974-ல் நாடெங்கும் சின்ன கவுன்சில்களை ஒட்டித் தைத்தபோதும் இது தனியாகவே நின்றது.

இன்னொரு காரணம், தேர்தல் முறை. ஒரு வார்டுக்கு இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்கள். எத்தனை இடமோ அத்தனை ஓட்டு. முன்னணியில் இருக்கும் அணி பெரும்பாலும் வார்டையே மொத்தமாக அள்ளிவிடும். சங்கங்களின் பெரும்பான்மையில் மக்கள் அன்புக்கு எவ்வளவு பங்கோ, இந்தக் கணக்குக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கட்சி. ஏரியாவுக்கு ஒரு சங்கம், எல்லாம் சேர்ந்து கவுன்சிலில் ஒரு அணி. "நாங்கள் கட்சி இல்லை" என்கிறார்கள். ஆனால் 1998 சட்டத்துக்குப் பிறகு வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமே! அதனால் கட்சியாகப் பதிவும் செய்திருக்கிறார்கள்.

அரசியலே இல்லாத நிர்வாகம் என்று எதுவும் கிடையாது. 2023 தொடக்கத்தில் கவுன்சிலின் வரைவுத் திட்டம், லண்டனைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் கொஞ்சம் நிலத்தை வீடுகளுக்கு ஒதுக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியது, மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள். மே தேர்தலில் பெரும்பான்மை அவர்களுக்கே. அக்டோபரில் அதே வேலை மறுபடி தொடங்கியது!

வீடு வேண்டும் என்று அரசு சொல்கிறது, வயல் வேண்டும் என்று வாக்காளர் சொல்கிறார். இதில் எந்தப் பக்கம் நின்றாலும் அது அரசியல்தான்.

90 வருஷமாக யாரும் தோற்கடிக்காத அணியை ஓர் அரசாணை முடித்து வைக்கப்போகிறது. சர்ரே கவுண்டி கவுன்சிலையும் அதிலுள்ள 11 மாவட்ட கவுன்சில்களையும் கலைத்துவிட்டு கிழக்கு, மேற்கு என இரண்டே கவுன்சில்கள் அமைக்க 2025 அக்டோபரில் அரசு முடிவெடுத்தது. திட்டப்படி 2027 ஏப்ரலில் எப்சம்-யூவல், இன்னும் நான்கு மாவட்டங்களோடு கிழக்கு சர்ரேக்குள் போய்விடும்.