கல்விக் கடன் ‘வாராக் கடன்’ ஆகிடுச்சா? மீட்க வழி இருக்கு!

படிப்பு முடிந்தது. வேலை உடனே கிடைக்கவில்லை. கிடைத்த வேலையிலும் சம்பளம் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிட்டது. பேங்கிலிருந்து வந்த போன்களை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று கட் பண்ணிவிட்டீர்கள். இப்போது ஊரிலிருந்து அப்பா, “பேங்க்ல இருந்து லெட்டர் வந்திருக்குப்பா” என்கிறார். பதற வேண்டாம். ஆனால், இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

என்ன நடந்திருக்கு?

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கணக்கு வாராக் கடன். பேங்க் பாஷையில் என்.பி.ஏ. கல்விக் கடனில் பெரும்பாலும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதனால் அடி உங்கள் சிபில் ஸ்கோருக்கு மட்டுமல்ல, அவர்களுடையதற்கும்தான். நாளைக்குத் தங்கையின் படிப்புக்கு லோன் கேட்டுப் போனாலும் இது குறுக்கே நிற்கும்.

எவ்வளவு கட்டணும்?

‘ஒரு தவணை கட்டினா சரியாகிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அசல், வட்டி இரண்டிலும் உள்ள நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. அதே பேங்கில் வேறு கடன் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு, மாதத் தவணை 8,000 ரூபாய், 5 மாதம் கட்டவில்லை என்றால் நிலுவை 40,000 ரூபாய். அதோடு அபராதக் கட்டணம். மாதாமாதம் 8,000 மட்டும் கட்டினால் பழைய 40,000 அப்படியே நிற்கும். தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டித்தான் அதைக் குறைக்க முடியும்.

பேங்கில் என்ன கேட்கணும்?

* கடன் வாங்கிய கிளைக்கு நேரில் போய், நிலுவை எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அபராதக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி போடக் கூடாது. அதைக் குறைக்கச் சொல்லியும் கேளுங்கள்.
* முழுக் கடனையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வந்திருந்தால், நிலுவையைக் கட்டினால் அதைத் திரும்பப் பெறுவார்களா என்று கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.
* தவணையே அதிகம் என்றால், கடன் காலத்தை நீட்டித்து மறுசீரமைக்கக் கோரி, சம்பளச் சான்றோடு மனு கொடுங்கள். இதில் கணக்கு உடனே சரியாகாது. புதிய தவணைகளைத் தவறாமல் கட்டிக் காட்ட வேண்டும்.

‘செட்டில்மென்ட்’ - யோசிச்சு முடிவெடுங்க!

‘இவ்வளவு கட்டுங்க, மீதியைத் தள்ளுபடி பண்றோம்’ என்று பேங்கே சொல்லலாம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். முழுசாகக் கட்டி முடித்த ‘க்ளோஸ்டு’ வேறு, இது வேறு. பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். நிலுவையைக் கட்ட வழியே இல்லை என்றால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

ஏஜென்ட் மிரட்டினால்?

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் ஏஜென்ட்கள் போன் செய்யக் கூடாது. திட்டவோ மிரட்டவோ கூடாது. அவர்களின் சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். கடன் கணக்கில் மட்டுமே கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள்களில் தீர்வு வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கட்டிய பிறகு...

சில வாரம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்குமே வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும். நிலுவை இன்னும் காட்டினால் திருத்தக் கோருங்கள். 30 நாள்களைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. பழைய தாமதங்கள் உடனே மறையாது. ஆனால், ஒழுங்காகக் கட்டும் ஒவ்வொரு மாதமும் ஸ்கோருக்குக் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று... தவணைத் தேதியைச் சம்பளம் வரும் தேதிக்கு அடுத்ததாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீரும்!