தீயணைப்பாளர் பணி (தமிழ்நாடு)

தீயணைப்பாளர் என்பவர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் அடிப்படை நிலைச் சீருடைப் பணியாளர். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சிக்கு உரியது. தமிழ்நாட்டில் சென்னை உட்பட எந்த மாநகராட்சிக்கும் சொந்தப் படை இல்லை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்க விரும்பினால், முதலில் மாநிலத் துறையில் சேர வேண்டும். எந்த ஊருக்கு அனுப்புவது என்பதைத் துறை முடிவு செய்யும். 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தீயணைப்பை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் வைத்தது. தமிழ்நாடு அதை ஒப்படைக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டது. சிறு நகராட்சிகளின் நிதிநிலையைப் பார்த்தால் இது விவேகமான முடிவு.

வரலாறு

இந்தியப் பெருநகரங்களில் தீயணைப்பு, காவல்துறையின் கிளை வேலையாகத்தான் தொடங்கியது. பம்பாயில் 1803-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு அந்தப் பொறுப்பு போலீஸிடம் போனது. 1887-இல் நகராட்சிக்கு மாறியது. கல்கத்தாவில் 1822-இலும் டெல்லியில் 1867-இலும் ஏற்பாடுகள் வந்தன. சென்னைக்கு முறையான படை 1908-இல்தான் அமைந்தது. இந்த நகரங்களோடு ஒப்பிட்டால் இது வெகு தாமதம்.

அந்தப் படைக்கு ஆறு வயதாகும்போது முதல் உலகப் போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. எரியும் எண்ணெயின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் தண்ணீர் அடியில் இறங்கிவிடும், எண்ணெய் மேலே மிதந்து எரிந்துகொண்டே பரவும். நுரையால் மூடிக் காற்றைத் தடுப்பதே அதற்கு வழி. இன்று பயிற்சியின் தொடக்கத்திலேயே இது சொல்லித்தரப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதல் அச்சம் வந்தது. 1942 ஏப்ரலில் சென்னை மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு உள்நாட்டுக்கு ஓடினர். வான் தாக்குதல் தற்காப்புக்காகப் பல நகரங்களில் துணைத் தீயணைப்புப் படைகள் திரட்டப்பட்டன. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தது. வெடிமருந்தும் பருத்தியும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுவது இவர்கள் நினைவாகவே.

விடுதலைக்குப் பின்னும் தமிழ்நாட்டில் படை காவல்துறைத் தலைமையின் கீழேயே இருந்தது. 1960-களின் இறுதியில் தனித்துறை ஆனது. ஆனாலும் இயக்குநர் நாற்காலியில் இந்தியக் காவல் பணி அதிகாரி அமர்வது இன்றும் தொடர்கிறது.  துறைக்கான சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது.

1997-க்கும் 2004-க்கும் இடையே காவிரிப் படுகையில் நடந்த மூன்று தீ விபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல் எரிந்தது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபம் எரிந்து, மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் பலியாயினர். மூன்று இடத்திலும் எரிந்தது கீற்றுக் கூரை. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் பிரித்து எறியப்பட்டன. பள்ளி அங்கீகாரத்துக்குத் தீயணைப்புத் துறையின் சான்று கட்டாயமானது. நிலைய அலுவலரின் அன்றாட வேலையில் ஆய்வும் சான்றும் பெரும்பங்கு பிடித்தது இதன் பின்னர்தான்.

தேர்வு முறை

1991-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்றுக்கும் ஒரே அறிவிப்பு வெளியிட்டு ஒரே தேர்வு நடத்துகிறது. காவலர் இடங்களே மிகுதி. ஆகவே போலீஸ் கனவோடு ஓடத் தொடங்கித் தீயணைப்பு நிலையத்தில் வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். 2023 அறிவிப்பில் 3,359 இடங்களில் 674-ம், 2025 அறிவிப்பில் 3,644-இல் 631-ம் தீயணைப்பாளருக்கு உரியவை.

கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 31, முன்னாள் படைவீரருக்கு 47 என மேல் வரம்பு தளர்கிறது. முதலில் 80 மதிப்பெண் தமிழ்த் தகுதித் தேர்வு. இதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் முதன்மைத் தேர்வுத் தாள் திருத்தப்படுவதே இல்லை. முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண். பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. உடல்திறனுக்கு 24. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த கிராமத்துப் பையனுக்குக் கையில் இருக்கும் பெரிய துருப்பு இதுதான்.

ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. மார்பு 81 செ.மீ.; மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்காதவர் அன்றே வெளியேறுவார். அதன் பிறகு கயிறு ஏற்றம், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். கயிற்றில் 6 மீட்டர் ஏறினால் முழு மதிப்பெண், 5 மீட்டர் ஏறினால் அதைவிடக் குறைந்த மதிப்பெண். ஓட்டத்தில் முந்திய பலர் கயிற்றில் வழுக்கி இறங்குவதை எந்த மைதானத்திலும் பார்க்கலாம். கயிறு கட்ட ஊரில் ஒரு நல்ல புளியமரம் இருந்தால் போதும், இதற்குக் கட்டணப் பயிற்சி மையம் தேவையில்லை.

பட்டதாரிகள் நேரடியாக நிலைய அலுவலர் ஆக, சார்பு ஆய்வாளர் தேர்வோடு இணைந்த தேர்வு உண்டு. 2023-இல் 129 இடங்கள் வந்தன. அதற்கும் மேல்நிலையில், மாவட்ட அலுவலர் பதவி தொகுதி-1 தேர்வில் அடங்கும். 2003-இல் இந்த வழியாகத்தான் பெண் அலுவலர்களான பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் வந்தனர். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகத்தில் நடந்த தீ விபத்தில் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயம் அடைந்தார். அவருடன் சென்ற வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

பயிற்சி

அடிப்படைப் பயிற்சி சுமார் மூன்று மாதம். மாநிலப் பயிற்சி மையம் தாம்பரத்தில் உள்ளது. குழாய் விரித்தல், ஏணி நிறுத்துதல், மூச்சுக் கருவி அணிதல், மயங்கியவரைத் தோளில் சுமந்து இறங்குதல் ஆகியவை நாள்தோறும் உண்டு. முடிச்சுகளுக்குத் தனிக் கவனம். நாற்காலி முடிச்சில் கயிற்றின் நடுவில் இரண்டு வளையங்கள் விழும். ஒன்று கிணற்றில் விழுந்தவரின் அக்குளுக்கு அடியிலும், மற்றது முழங்காலுக்கு அடியிலும் போகும். வளையங்களின் அளவு தப்பினால் தூக்கும்போது ஆள் பின்பக்கம் சாய்ந்துவிடுவார். இருட்டிலும் ஈரக் கயிற்றிலும் இதைப் போடத் தெரிய வேண்டும்.

கல்லங்குறிச்சி வட்டாரம்

கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ளன. இப்பகுதியின் கிரெட்டேசியஸ் காலப் பாறை அடுக்குக்கே நிலவியலாளர்கள் கல்லங்குறிச்சியின் பெயரைச் சூட்டியுள்ளனர். கல் எடுத்துக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கும். கரை செங்குத்து, ஆழம் கண்ணுக்குத் தெரியாது, குளிக்க இறங்குபவர்கள் ஏற முடியாமல் மூழ்குகின்றனர். பெரம்பலூர்ப் பக்கம் ஆழக் கிணறுகள். பாழுங்கிணற்றின் அடியில் காற்று கெட்டிருக்கும். தூர்வார இறங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி, இருவரும் மயங்குவது அடிக்கடி நேர்வது. எனவே இங்கே தீயணைப்பாளருக்குத் தீயை விடத் தண்ணீரோடும் கிணற்றோடும்தான் மல்லுக்கட்டு அதிகம். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு எல்லாம் இதில் சேரும். பெருந்தீயும் இல்லாமலில்லை. 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டத்தின் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டனர்.

பிற வாய்ப்புகள்

மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் தீயணைப்புக் காவலர் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்திருக்க வேண்டும். வயது 18 முதல் 23, ஓட்டம் 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர். விமான நிலையங்களின் தீயணைப்புப் பிரிவுக்கு இந்திய விமான நிலைய ஆணையம் தனியாக ஆள் எடுக்கிறது. அதற்கு ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள்.

இன்றைய நிலை

மாநிலத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீயணைப்பு நிலையங்கள் உள்ளன. தீயணைப்பாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.18,200. அவசர அழைப்பு எண்கள் 101, 112.