ஒமாகாசே என்றால் என்ன? மெனு கார்டே இல்லாத ஜப்பான் விருந்து... உட்காரும் முன் இதையெல்லாம் சொல்லிடுங்க!

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்கள் கடையில் உட்கார்ந்ததும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "அண்ணா, நீங்களே பார்த்து நல்லதா எடுத்துப் போடுங்க!" கிட்டத்தட்ட இதையேதான் ஜப்பான்காரர்கள் சுஷி கடையில் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் 'ஒமாகாசே'. 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று அர்த்தம்.

ஆனால் பட்டுக்கடையில் அப்படிச் சொல்வதற்கு முன், பட்ஜெட் எவ்வளவு, முகூர்த்தத்துக்கா ரிசப்ஷனுக்கா, எந்தக் கலர் வேண்டவே வேண்டாம் என்பதை எல்லாம் சொல்லிவிடுவோம். ஒமாகாசேவுக்கும் அது பொருந்தும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் விரதம், உடம்பு, பர்ஸ் மூன்றுக்குமே சிக்கல்தான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது ஏன் தேவை?

காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் பாலாற்றுப் பக்கம் இருக்கிறது செவிலிமேடு. நெசவு நெசவு என்று இருந்த இதுபோன்ற பகுதிகளின் அடுத்த தலைமுறையில் பலர், இன்று கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பக்கம் ஜப்பான் நிறுவனங்கள் அதிகம். ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010-ல் தொடங்கப்பட்டது. கொமாட்சு ஆலையும் அங்கேதான். வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது.

ஜப்பான்காரர்கள் வேலைக்கு வந்தபோது அவர்களின் சாப்பாடும் கூடவே வந்தது. சென்னையில் ஜப்பான் உணவகங்கள் இருக்கின்றன. புராஜெக்ட் முடிந்த சந்தோஷத்தில் "வாங்க, டின்னர் போகலாம்" என்று ஜப்பான் மேனேஜர் கூப்பிட்டால், போய் முழிக்காமல் இருக்க இந்த விவரங்கள் உதவும்.

சுஷி என்றால் பச்சை மீனா?

இல்லை. வினிகர், உப்பு, சர்க்கரை சேர்த்துப் பக்குவப்படுத்திய சோறுதான் சுஷிக்கு அடிப்படை. அதன் மேல் மீன், இறால், முட்டை, காய்கறி என எது வைத்தாலும் சுஷி. சோறு இல்லாமல் பச்சை மீனை மட்டும் நறுக்கி வைத்தால் அது 'சஷிமி'.

முதலில் இது மீனைக் கெடாமல் வைத்திருக்கும் வழியாகவே இருந்தது. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் வைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். ஜப்பானின் பீவா ஏரிப் பகுதியில் இந்தப் பழைய வகை இன்னும் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும், கையால் பிடித்த சோற்று உருண்டை மேல் மீன் வைக்கும் 'நிகிரி' சுஷி, 19-ம் நூற்றாண்டில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பரவியது. அப்போது அது தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு. நின்றபடியே இரண்டு வாயில் போட்டுக்கொண்டு போவார்கள்!

இன்று அதன் உச்சம் வேறு. டோக்கியோவின் 'சுக்கியாபாஷி ஜிரோ' என்ற சின்னக் கடையில், 2014 ஏப்ரலில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமாவும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

ஒமாகாசேவில் என்னென்ன வரும்?

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் செஃப், இந்தப் பக்கம் நீங்கள். மெனு கார்டு கிடையாது. அன்றைக்கு நல்ல மீன் எதுவோ அதை வைத்து அவரே வரிசையை முடிவு செய்வார்.

வாழை இலைச் சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசை இருக்கிறதல்லவா? இங்கும் உண்டு. முதலில் சின்னச் சின்ன ஐட்டங்கள், ஆவியில் வேகவைத்த முட்டை போன்றவை. பிறகு ஒவ்வொன்றாக நிகிரி. பெரும்பாலும் வெள்ளை நிற, லேசான ருசியுள்ள மீனில் தொடங்கி, கொழுப்பு அதிகமுள்ள சூரை மீனுக்குப் போவார்கள். கடைசிப் பக்கம் விலாங்கு, முட்டை, மிசோ சூப்.

எப்படிச் சாப்பிடணும்?

நல்ல செய்தி: கையால் சாப்பிடலாம்! நிகிரியைக் கையால் எடுப்பது தப்பே இல்லை. செஃப் வைத்ததும் உடனே, முடிந்தால் ஒரே வாயில் சாப்பிட வேண்டும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் ருசி. போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தால் ஆறிவிடும்.

சோயா சாஸில் தொட வேண்டியது மீன் பக்கம். சோற்றுப் பக்கம் தொட்டால் உதிர்ந்துவிடும். செஃப்பே சாஸ் தடவிக் கொடுத்திருந்தால் மறுபடி தொட வேண்டாம். ஓரத்தில் இருக்கும் இஞ்சி ஊறுகாய், ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்ய.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. சோற்றில் சாப்ஸ்டிக்கை நட்டுக்குத்தலாக நிறுத்தக் கூடாது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. முதலாவது இறந்தவருக்குப் படைப்பது, இரண்டாவது தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுப்பது. வாய்க்கரிசி தெரிந்த நமக்கு இது சொல்லாமலே புரியும்.

முன்பே சொல்ல வேண்டிய 4 விஷயங்கள்

1. சைவமா? 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது. ஜப்பான் சமையலின் உயிர்நாடி 'தாஷி' என்ற சாறு. அதைப் பெரும்பாலும் 'கட்சுவோபுஷி' சேர்த்துத்தான் எடுப்பார்கள். அது என்ன தெரியுமா? சூரை மீனை வேகவைத்து, புகையில் காயவைத்தது. தென் மாவட்டங்களில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டின் சொந்தக்காரன்! மீன் துண்டே இல்லாத மிசோ சூப்பிலும், முட்டைப் பதார்த்தத்திலும் அது இருக்கலாம். எனவே "மீன் தாஷியும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொம்பு என்ற கடல்பாசி, காய்ந்த காளான் இவற்றில் எடுக்கும் சைவத் தாஷியும் உண்டு. மது தொடாதவர்கள் 'மிரின்' பற்றியும் கேளுங்கள். அது சமையலில் சேர்க்கும் இனிப்பு அரிசி மது.

2. அலர்ஜி இருக்கா? இறால், நண்டு, முட்டை, சோயா, எள் ஆகியவை எதிலும் கலந்திருக்கலாம். புக்கிங் செய்யும்போதே சொன்னால்தான் செஃப் வரிசையை மாற்ற முடியும்.

3. உடல்நிலை எப்படி? கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு வெந்த வகை மட்டும் கேட்கலாம்.

4. பில் எவ்வளவு? ஒமாகாசேவில் தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகத்தான் விலை வைப்பார்கள். வரியும் குடிபானமும் அதில் சேருமா என்று முன்பே கேளுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5%. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டல் என்றால் 18%. உதாரணமாக 5,000 ரூபாய் பில்லுக்கு, முதலாவதில் வரி 250 ரூபாய். இரண்டாவதில் 900 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட இந்த வழிகாட்டுதலை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் டிரை பண்ணலாமா?

ரீல்ஸ் பார்த்துவிட்டு மார்க்கெட் மீனைப் பச்சையாகச் சாப்பிடும் வேலை வேண்டவே வேண்டாம். கடல் மீன்களில் 'அனிசாக்கிஸ்' என்ற புழு இருக்கலாம். அது வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்திலேயே கடும் வலி, வாந்தி வரும். அதைக் கொல்ல, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாட்கள் உறைய வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரை நம்பி இதைச் செய்ய முடியாது. அப்படி உறைய வைத்தாலும் புழு சாகும். பாக்டீரியா எல்லாம் சாகாது.

எலுமிச்சை, வினிகர், வசாபி எதுவும் மீனைப் பாதுகாப்பானதாக மாற்றாது. காஞ்சிபுரம் ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். ஏரி மீன், குளத்து மீனைப் பச்சையாகத் தொடவே கூடாது. நன்னீர் மீன்களில் கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் இருக்க வாய்ப்பு உண்டு.

வீட்டில் ஆசைக்குச் செய்வதென்றால், வினிகர் சோற்றோடு வெந்த இறால், முட்டை, வெள்ளரிக்காய் வைத்து உருட்டலாம். அதுவும் சுஷிதான்.

கடைக்கே போவதாக இருந்தால், மேலே சொன்ன நாலையும் புக்கிங் போனிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு கவுன்ட்டரில் உட்கார்ந்து, தைரியமாக "ஒமாகாசே" என்று சொல்லலாம். முடித்ததும் செஃப்பைப் பார்த்து "கொச்சிசோசாமா" என்று ஒரு வார்த்தை. விருந்துக்கு நன்றி என்று அர்த்தம்.