பள்ளிச் சுவரும் பாடுபட்ட சுரூபமும்



யூபிலி விழாவுக்கான ஆயத்தக் கூட்டத்தில் அன்பர் சிலர் நம்மிடம் ஒரு விண்ணப்பம் வைத்தனர். "சுவாமி, நம் பிள்ளைகளும் படிக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு யூபிலி நினைவாக ஒரு பாடுபட்ட சுரூபமோ, தேவமாதா படமோ வாங்கிக் கொடுக்கலாமே! மற்ற சாமி படங்கள் மாட்டுகிற பள்ளிகளும் இருக்கத்தானே செய்கின்றன?" என்றனர். பக்தியால் எழுந்த கேள்வி இது. ஆகவே அன்று உடனே மறுமொழி கூறாது, வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்து இம்மலரில் விடை எழுதுவோம் என்று வாக்களித்தோம். அவ்வாக்கை இங்கே நிறைவேற்றுகிறோம்.

நாம் வாழும் சீவலப்பேரி, சிற்றாறு பொருநையோடு கலக்கும் இடம். முக்கூடல் என்பது இதன் பழம்பெயர். இவ்வூர் அழகரைப் போற்றி எழுந்த முக்கூடற் பள்ளுவை அறியாத தமிழ் ஆசிரியர் இலர். அதில் மூத்த பள்ளி முக்கூடலைச் சேர்ந்தவள், திருமாலை வணங்குபவள். இளைய பள்ளி மருதூர்க்காரி, சிவனை வணங்குபவள். இருவருக்கும் சண்டை மூள்கிறது. ஒருத்தியின் தெய்வத்தை மற்றவள் ஏசுகிறாள். இறுதியில் சமாதானமாகி ஒன்றுபடுகின்றனர். ஒரே கூரையின்கீழ் இரு சமயத்தார் வாழ்வது எப்படி என்ற கேள்வி நம் ஊருக்குப் புதிதன்று.

நம் மாவட்டத்தின் வரலாற்றிலும் இக்கேள்வி ஒரு காலத்தில் கனன்று எரிந்தது. 1845ஆம் ஆண்டின் இறுதியில் விபூதி சங்கம் என்ற பெயரில் திரண்டோர், பிரிந்த சகோதரராகிய புராட்டஸ்தாந்தர் வாழ்ந்த சிற்றூர்கள் சிலவற்றைத் தாக்கினர். அவ்வழக்குகள் சென்னை சதர் நீதிமன்றம்வரை சென்றன. அரசாங்கம் மிஷனரிமார் பக்கமே சாய்கிறது என்ற மனக்குறை இந்துக்களிடையே வளர்ந்தது. அந்த மனக்குறை ஆறுமுன்னே, 1846ஆம் ஆண்டில், சென்னை கவர்னர் டுவீடேல் பிரபு அரசாங்கப் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடநூலாகச் சேர்க்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற வணிகப் பெருமகனார் இதை எதிர்த்து எழுந்தார். 1844ஆம் ஆண்டு முதல் 'கிரசன்ட்' என்ற பத்திரிகையை நடத்தியவர் அவர். பின்னர் 1852இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவியவரும் அவரே. சென்னையில் பெருங்கூட்டம் கூட்டி, இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு மகஜர் அனுப்பினார். எல்லாச் சமயத்தார் கொடுக்கும் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு சமயத்தின் நூலை மட்டும் பாடமாக்குவது முறையன்று என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். 1847இல் இயக்குநர்கள் கவர்னரின் யோசனையை நிராகரித்தனர்.

இதைப் படிக்கும்போது, "வேதாகமத்தை அன்றோ தடுத்துவிட்டார்கள்!" என்று சிலர் மனம் வருந்தலாம். சற்றுப் பொறுங்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் நம் கத்தோலிக்க மக்களுக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். அங்கே பிலடெல்பியா நகரின் பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்தாந்தரின் வேதாகமமே நாள்தோறும் வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் சொந்த வேதாகமத்தை வாசிக்க விடை வேண்டும் என்று ஆயர் கென்ரிக் ஆண்டகை 1842இல் கேட்டார். கேட்டது அவ்வளவே. ஆனால் "கத்தோலிக்கர் பள்ளியிலிருந்து வேதாகமத்தையே விரட்டப் பார்க்கிறார்கள்" என்ற புரளி கிளம்பியது. 1844 மே மாதக் கலவரத்தில் அதிதூதர் மிக்கேல் ஆலயமும், அர்ச். அகுஸ்தீனார் ஆலயமும் தீக்கிரையாயின, பலர் மாண்டனர். விஸ்கான்சின் மாநிலத்தில் கத்தோலிக்கப் பெற்றோர் இதே குறைக்காக வழக்காடி, 1890இல்தான் அம்மாநில உயர்ந்த நீதிமன்றத்தில் வெற்றி கண்டனர்.

ஆம், அன்பர்களே! சென்னையில் லட்சுமிநரசு செட்டியார் கேட்ட நியாயமும், பிலடெல்பியாவில் கென்ரிக் ஆண்டகை கேட்ட நியாயமும் ஒன்றே. அங்கே சிறுபான்மையாய் நின்று கண்ணீர் வடித்தது நம் இனம். பெரும்பான்மையோரின் வேதம் பொதுப் பள்ளியில் ஏறினால் சிறியோரின் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதைப் பிறர் நமக்குப் போதிக்கத் தேவையில்லை.

1854இல் கல்வி பற்றிச் சர் சார்லஸ் வுட் அனுப்பிய புகழ்பெற்ற அறிக்கை இதற்கு ஒரு வழி கண்டது. அரசாங்கப் பள்ளிகளில் போதனை சமயச் சார்பற்றதாயிருக்கும். வேதாகமம் பள்ளி நூலகத்தில் இருக்கலாம். விரும்பும் மாணவன் எடுத்துப் படிக்கலாம். தானாக வந்து கேட்பவனுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே ஆசிரியர் விளக்கலாம். சபைகள் நடத்தும் பள்ளிகளுக்கோ, எச்சமயத்தவை என்று பாராமல் உதவித்தொகை கிடைக்கும். நம் குருக்களும் கன்னியரும் நடத்திய எத்தனையோ பள்ளிகள் தழைத்தது இந்த ஏற்பாட்டினால் அன்றோ? சுவரில் இடம் இல்லை, அலமாரியில் இடம் உண்டு என்ற அந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள். முடிவில் அதற்குத் திரும்புவோம்.

சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம் இவ்வழியை மேலும் தெளிவாக்கியது. அச்சட்டத்தை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் சேசு சபைக் குருவான ஜெரோம் டிசூசா அடிகளாரும் அமர்ந்திருந்தார் என்பது நமக்குப் பெருமை. 28ஆம் பிரிவின்படி, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி எப்பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறச் செய்யக்கூடாது. 30ஆம் பிரிவோ சிறுபான்மையோர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. நம் பள்ளியில் பாடுபட்ட சுரூபம் இருப்பது இவ்வுரிமையின் நிழலில்தான். ஆயினும் அப்பள்ளியில் படிக்கும் இந்து, முஸ்லிம் பிள்ளையை ஜெபத்துக்கு வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. நம் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் இருக்கும்போது மற்றவர்க்கு நன்னெறி வகுப்பு நடத்தும் வழக்கம் இதனால் வந்ததே.

தமிழகத்தில் 1968ஆம் ஆண்டு, அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, அரசு அலுவலகங்களிலிருந்து கடவுளர் படங்களை அகற்ற ஆணை பிறந்தது. தெய்வ நிந்தை என்று பலர் பேசினர். நாம் அவ்வாறு கருதவில்லை. மனு கொடுக்க வரும் ஏழை, மேசைக்குப் பின்னாலுள்ள படத்தைப் பார்த்து, "இங்கே என் ஆளுக்கு இடமில்லை போலும்" என்று தயங்கக் கூடாதல்லவா? ஆலயத்தில் படம் ஆறுதல் தருகிறது. அதிகாரியின் தலைக்குமேல் அதுவே அதிகாரத்தின் முத்திரையாகிவிடுகிறது.

"இத்தாலி நாட்டு அரசுப் பள்ளிகளில் சுரூபம் தொங்குகிறதே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதற்குத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது அந்நாடு தன் மரபையொட்டி முடிவுசெய்துகொள்ளலாம் என்ற அனுமதியேயன்றி, மற்ற நாடுகளுக்கு இட்ட கட்டளையன்று. நம் நாட்டின் முடிவு நம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. அன்றியும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில், விசுவாசக் காரியத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று திருச்சபையே போதித்திருக்கிறது.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லவேண்டும். பள்ளியில் காணும் அடையாளங்கள் எல்லாம் பக்தியின் அடையாளங்கள் அல்ல. 2023 ஆகஸ்டில் நம் மாவட்டத்து நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் உடன் படித்த மாணவராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி அணிவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. நெற்றிக்குறி பக்தியன்றோ என்று மறுப்பும் எழுந்தது. ஆனால் நம் வட்டாரத்துக் கைக்கயிற்றின் நிறம் எதைச் சொல்லுகிறது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். இதில் பிறரைக் குற்றஞ்சாட்ட நமக்கு வாயில்லை. வடக்கன்குளம் தேவாலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்திருந்து, 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. நம் பிள்ளையின் மணிக்கட்டில் ஜெபமாலையோடு வண்ணக் கயிறும் இருக்குமானால், முதலில் அதை அவிழ்ப்பது பெற்றோராகிய உங்கள் கடமை.

இனி விண்ணப்பத்துக்கு விடை. அரசாங்கப் பள்ளிச் சுவருக்கு நாம் சுரூபமோ படமோ கொடுக்கப் போவதில்லை. அங்கே வேறு படம் மாட்டப்பட்டிருந்தால், அதற்குப் போட்டியாக நம் படத்தைக் கொண்டுபோவது பள்ளு நூலின் ஏச்சைப் பள்ளிக்கூடத்தில் தொடர்வதாகும். தலைமையாசிரியரிடம் மரியாதையாகச் சட்டத்தை நினைவூட்டுவதே முறை. அச்சட்டம் நமக்கு எதிராகத் திரும்பும்போதும் நாம் அதையே ஏற்கவேண்டும்.

ஆனால் வெறுங்கையோடு நிற்கவும் வேண்டியதில்லை. யூபிலிக் காணிக்கையாக அப்பள்ளி நூலகத்துக்கு ஓர் அலமாரியும் நல்ல நூல்களும் வழங்குவோம். திருக்குறளும், தேம்பாவணியும், முக்கூடற் பள்ளும் அதில் இருக்கட்டும். தலைமையாசிரியர் இசைந்தால் விவிலியமும் இருக்கட்டும். விரும்பும் பிள்ளை எடுத்துப் படிக்கும். சுரூபத்தையோ உங்கள் வீட்டு நடுச்சுவரில் மாட்டி, மாலைதோறும் குடும்பமாக அதன்முன் முழந்தாளிடுங்கள். அங்கே அதைத் தடுக்கும் சட்டமும் இல்லை, தடுக்கும் அயலாரும் இல்லை. அங்கே ஜெபம் இல்லாதுபோனால் பள்ளிச் சுவர் அதை ஈடுசெய்யாது.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும், நம்மோடு வாழும் எல்லாச் சமயத்து அண்டை அயலாரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!

இங்ஙனம்,
உங்கள் பங்குக்குரு