மந்திர விளக்கும் எங்கள் வீட்டு மரப்பெட்டியும்



ஒளி பற்றிய பாடம் முடிந்த நாளொன்றில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, புரொஜெக்டரை முதன்முதலில் செய்தவர் யார்?" என்று கேட்டான். நான் பணியில் சேர்ந்த புதிதாக இருந்திருந்தால், அதனாசியஸ் கிர்ச்சர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் என்று தயங்காமல் விடை கூறியிருப்பேன். பழைய பொது அறிவு நூல்கள் பலவும் அவ்வாறே கூறின. அவ்விடை தவறு. அதை எனக்கு உணர்த்தியது இன்னொரு நூல் அன்று. 2005-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில் நானே செய்யப் புகுந்த ஒரு படவீழ்த்தி. அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் நிற்கும் முந்நூற்றைம்பது ஆண்டுக் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பா தோட்டத்து என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அங்கே எரிந்துபோன மின்குமிழ்கள் கிடைக்கும். ஒரு குமிழின் அடிப்பகுதியைப் பக்குவமாகத் தட்டி, உள்ளிருக்கும் கம்பியை நீக்கி, நீர் நிரப்பித் துணியால் கட்டிக் கொடுப்பார். லயத்துப் பலகைச் சுவரின் ஓட்டை வழியே முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்புவோம். வெயிலுக்கும் குமிழுக்கும் நடுவே அறுந்த படச்சுருள் துண்டைப் பிடித்தால் எதிரிலிருக்கும் வேட்டியில் ஒரு சாண் அகலத்தில் படம் விழும். தோட்டத் திடலில் படம் காட்ட வருவோர் அறுத்தெறிந்த துண்டுகளே எங்கள் செல்வம். அப்பா எப்போதும் அத்துண்டைத் தலைகீழாகவே பிடிப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இனி வரலாறு. 1659-ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தம் கைப்பிரதியில் ஓர் எலும்புக்கூட்டைப் பல நிலைகளில் வரைந்தார். அது தன் தலையைத் தானே கழற்றி எடுக்கிறது. வில்லைகளின் துணையோடு விளக்கொளியில் சுவரில் காட்டுவதற்கென வரையப்பட்ட படங்கள் அவை. ஊசற்கடிகாரம் செய்தவர், சனிக்கோளைச் சுற்றியிருப்பது வளையம் என விளக்கியவர் ஆகிய பெருமைகள் உடைய அவருக்கு இந்த விளையாட்டு விளக்கு சற்றே வெட்கமாக இருந்தது போலும். 1662-இல் அவருடைய தந்தையார், பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்கு அப்படி ஒன்றைச் செய்து அனுப்பும்படி பணித்தார். மகனால் மறுக்க முடியவில்லை. செய்து அனுப்ப ஒப்புக்கொண்டு, பாரிசில் இருந்த தம் உடன்பிறப்புக்கு இரகசியமாக ஒரு கடிதம் எழுதினார்: விளக்கு வந்து சேர்ந்தால் அதிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றிவிடு, வேலை செய்யாமற் போகட்டும் என்று! பெருமேதையும் தந்தைக்கு அஞ்சிய பிள்ளையாக நிற்கும் இக்காட்சியை மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் பெயரை மறக்கவே மாட்டார்கள்.

அவர் வெட்கப்பட்டதைத் தாமஸ் வால்கென்ஸ்டைன் என்னும் டென்மார்க்கியர் 1660களில் ஐரோப்பிய நகரங்களில் காட்டியும் விற்றும் பரப்பினார். 'மந்திர விளக்கு' என்ற பெயர் நிலைத்தது. கிர்ச்சரின் நூலில் அவ்விளக்கின் படம் இடம்பெற்றது 1671-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அப்படத்திற்குப் பின்னர் வருகிறேன்.

விளக்கு, அதன் ஒளியைத் திரட்டும் வில்லை, நடுவே படம், அதைப் பெரிதாக்கி வீழ்த்தும் வில்லை. இந்த நான்கும் அன்றே அமைந்துவிட்டன. அதன்பின் நடந்தவற்றில் பெரும்பகுதி வெளிச்சத்துக்கான போராட்டமே. எண்ணெய்த் திரி போய் 1780களில் ஆர்கண்ட் விளக்கு வந்தது. பிறகு சுண்ணாம்புக் கட்டியை எரிவளிச் சுடரில் வெண்மையாகக் காய்ச்சி ஒளி பெற்றார்கள். அதன்பின் மின்சாரம். ஏன் இத்தனை பாடு? ஒரு படத்தின் அகலத்தை 7 மடங்கு பெருக்கினால் அதன் பரப்பு 49 மடங்கு ஆகிறது. அதே ஒளி அத்தனை இடத்திற்கும் பங்கிடப்பட வேண்டும். கணித ஆசிரியர்கள் இதைப் பரப்பளவுப் பாடத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இன்னொரு கிளை கலங்கரை விளக்கத்திலிருந்து வருகிறது. பிரான்சின் அகஸ்டின் பிரெனல், கனத்த கண்ணாடி வில்லையில் ஒளியை வளைப்பது அதன் மேற்பரப்பே என்பதைக் கருதி, உட்கனத்தை நீக்கி, படிப்படியான வளையங்களாக அதை அமைத்தார். 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது எரிந்தது. அதே உத்தியை நெகிழித் தகட்டில் நுண்ணிய வரிகளாக அச்சிட முடிந்தபோது, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரோஜர் ஆப்பெல்டோர்ன் அதைக் கொண்டு வகுப்பறைக்குரிய எளிய படவீழ்த்தியை உருவாக்கினார். நம் தலைமுறை ஆசிரியர்கள் அனைவருக்கும் பழக்கமான ஓ.எச்.பி. அதுதான். கண்ணாடி மேடையின் கீழே இசைத்தட்டு போல வட்ட வரிகள் தெரியுமே, அது பிரெனலின் வில்லை. எத்தனை ஆண்டுகள் அதன்மேல் எழுதித் துடைத்திருக்கிறோம்!

தொலைக்காட்சிப் படத்தைப் பெரிதாக்கும் ஆசை தனிக்கதை. 1939-இல் சூரிச்சில் பிரிட்ஸ் பிஷர் என்பார் எண்ணெய்ப் படலத்தின்மேல் மின்கதிரால் படம் எழுதும் 'ஐடோபோர்' என்னும் பெரும் பொறியை வகுத்தார். அது அரங்குகளுக்குரியது, வீட்டிற்கு ஆகாது. 1970களின் தொடக்கத்தில், ஒலிபெருக்கிகளால் புகழ்பெற்ற ஹென்றி கிளாஸ் மூன்று வண்ணக் குழாய்களால் ஏழடித் திரையில் படம் வீழ்த்தும் கருவியை வீடுகளுக்கென விற்றார். வசதி படைத்தோர் வாங்கினர். வாங்க இயலாதவர்களுக்கு அமெரிக்க இதழ்களில் சிறு விளம்பரங்கள் வந்தன: உங்கள் தொலைக்காட்சியைத் தலைகீழாகப் பெட்டிக்குள் வையுங்கள், முன்னால் எங்கள் நெகிழி வில்லையைப் பொருத்துங்கள் என்று. படம் விழும், ஆனால் மங்கலாக, நிழல் போல விழும். தொலைக்காட்சித் திரை எல்லாத் திசையிலும் ஒளியைச் சிந்துகிறது. வில்லைக்குள் புகுவது அதில் சிறு பங்கே.

இந்நிலையை மாற்றியது எல்.சி.டி. அது தானே ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியை விடுகிறது, அல்லது மறைக்கிறது. அதாவது, ஹைகன்சின் கண்ணாடிச் சில்லு நகரும் படமாகியது. 1980களின் பிற்பகுதியில் ஓ.எச்.பி. மேடைமேல் வைக்கும் எல்.சி.டி. பலகங்கள் அலுவலகங்களுக்கென விற்கப்பட்டன. 1989-இல் எப்சன், ஷார்ப் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் எல்.சி.டி. படவீழ்த்திகள் வெளிவந்தன. அடுத்த பத்தாண்டுகள் அவை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தன. ஆனால் 2000க்குப் பின் 15 அங்குலக் கணினித் திரைகளின் விலை இறங்கியது. உலகின் பல மூலைகளிலும் கைவினை ஆர்வலர்கள் ஒரே எண்ணத்துக்கு வந்தனர்: அத்திரையைப் பிரித்து, பின்விளக்கை அகற்றி, வலிய விளக்கின்முன் நிறுத்தினால் என்ன?

நம் நாட்டுப் பள்ளிகளில் அப்போது நடந்ததை நினைவூட்டுகிறேன். 2003 சனவரியில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. அதனோடு மடிக்கணினியும் எல்.சி.டி. படவீழ்த்தியும் பள்ளிகளுக்கு வந்தன. 2009-இல் கைவிடுவதென முடிவாகி, 2012 முதல் மாற்றப்பட்ட அத்திட்டத்தின் நன்மை தீமைகளை இங்கே விவாதிக்கப் போவதில்லை. நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் அந்தப் படவீழ்த்தி அவ்விரு பாடங்களுக்கே என்று அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. விளக்கின் ஆயுள் மணிக்கணக்கில் எண்ணப்பட்டது. நான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். கேட்டேன், கிடைக்கவில்லை. மனத்தில் ஒரு வீம்பு புகுந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பழைய பொருள் கடையில் ஓ.எச்.பி. ஒன்று 60 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. பின்விளக்கு செத்துப்போன 15 அங்குலத் திரையை நண்பர் இலவசமாகவே தந்தார். பிறருக்கு அது குப்பை. பின்விளக்கை எப்படியும் கழற்றப்போகிற எனக்கு அதுவே போதும். திரையைப் பிரிப்பதுதான் உயிர்போகும் வேலை. பலகத்தின் விளிம்பிலிருந்து தலைமுடி போன்ற இணைப்புகள் கொண்ட மெல்லிய நாடாக்கள் மின்சுற்றுப் பலகைக்குச் செல்கின்றன. ஒன்றில் விரல் அழுந்தியதால், படத்தின் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு நிலையாகிவிட்டது. அது இறுதிவரை போகவில்லை.

பலகத்தை ஓ.எச்.பி. மேடைமேல் வைத்து விளக்கைப் போட்டேன். சுவரில் படம் விழுந்தது. குடும்பமே கைதட்டியது. ஐந்தே நிமிடங்களில் படத்தின் நடுவில் கறுப்பு மை சிந்தியதுபோல் ஒரு கறை பரவியது. வெப்பம் மிகுந்தால் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து வெறும் திரவமாகிவிடும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். உடனே அணைத்தேன். ஆறியதும் கறை மறைந்தது. பலகத்தை மேடையிலிருந்து உயர்த்தி, விசிறி வைத்தேன். சூடு குறைந்தது, வெளிச்சம் போதவில்லை. போதாமைக்குக் காரணம் உண்டு. பலகத்தின் முதற்படலம், ஒளியில் ஒரு திசையில் அதிர்வதை மட்டும் விட்டுப் பாதிக்குமேல் விழுங்குகிறது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கை உண்கின்றன. முடிவில் நூற்றில் பத்துப் பங்கு ஒளிகூட வெளியே வருவதில்லை.

ஆகவே மரப்பெட்டி. மின்பணியாளராக இருந்த முன்னாள் மாணவர் ஒருவர் தொழிற்சாலைகளில் தொங்கும் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கையும் அதற்குரிய பேலஸ்ட்டையும் பொருத்தித் தந்தார். பெற்றோர்களே, இப்பகுதியைப் பிள்ளைகளோடு வீட்டில் முயல வேண்டாம். உயிரெடுக்கும் மின்னழுத்தம் அது. ஓ.எச்.பி. மேடையின் வில்லை உண்மையில் ஒட்டப்பட்ட இரு தகடுகள். அவற்றைப் பிரித்து, ஒன்றை விளக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில் நிறுத்தினேன். அது ஒளியை நேர்க்கற்றையாக்கியது. அடுத்துப் பலகம். அதன்முன் மற்றத் தகடு. அது கற்றையைக் குவித்து, பெட்டியின் மூக்கிலிருந்த ஓ.எச்.பி. வில்லைக்குள் செலுத்தியது. இரண்டரை மீட்டர் தொலைவில், இரண்டு மீட்டர் அகலத்தில், வெள்ளைப் படுக்கைவிரிப்பில் படம் விழுந்தது. தலைகீழாக.

பெட்டியைத் திறந்து பலகத்தைத் தலைகீழாக நிறுத்தினேன். அன்றிரவு, எதற்கோ கிர்ச்சரின் படம் அச்சாகியிருந்த நூலை எடுத்துப் பார்த்தபோது திடுக்கிட்டேன். அப்படத்தில் கண்ணாடிச் சில்லில் உள்ள உருவம் நேராக நிற்கிறது. சுவரில் விழும் உருவமும் நேராகவே நிற்கிறது! அதுமட்டுமன்று, சில்லு வில்லைக்கு வெளியே, சுவர்ப்பக்கம் வைக்கப்பட்டுள்ளது. அந்த விளக்கால் எந்தப் படமும் விழாது. வரைந்தவர் விளக்கைச் செய்து பார்த்தவராக இருக்க முடியாது. அதன்பின்தான் ஹைகன்சைத் தேடிப் படித்தேன். எத்தனையோ ஆண்டுகள் அந்தப் படத்தைப் பார்த்தும், மாணவருக்குக் காட்டியும், பிழை என் கண்ணில் படவில்லை. என்ஜின் அறைத் தொழிலாளியான என் அப்பா படத்துண்டைத் தலைகீழாகப் பிடித்ததன் காரணமும் அந்த இரவில்தான் என் மண்டையில் ஏறியது.

அப்பா அப்போது எங்களோடு இருந்தார். நடமாட்டம் குறைந்து, திரையரங்கின் படிகளை ஏற முடியாமல் ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் முழுப் படம் அவருக்காகப் போட்டோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ரெண்டு ஓரமும் இருட்டடிக்குதே?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். பலகத்தின் அகலம் ஏறக்குறைய 30 செ.மீ.; ஓ.எச்.பி. வில்லையோ 28.5 செ.மீ. சொச்சத்துக்கு ஒளி இல்லை.

பாதிப் படத்தில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. மெட்டல் ஹாலைடு விளக்கு ஒருமுறை அணைந்தால், ஆறும்வரை மீண்டும் எரியாது. பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பா பேசத் தொடங்கினார். தோட்டத் திடலில் ஒரே ஒரு 16 மி.மீ. பொறிதானாம், ஒவ்வொரு சுருள் முடிந்ததும் மாற்றும்வரை இதேபோல் இருட்டாம், அந்த இடைவேளையில்தான் கச்சான் விற்பனையாம், சண்டையாம், பெண் பார்ப்பதாம். தம் என்ஜின் அறை நின்றால் திடலே இருண்டுவிடும் என்பதால் படம் போடும் இரவுகளில் தாம் பெரும்பாலும் படமே பார்த்ததில்லை என்றார். எனக்கு அது அதுவரை தெரியாது. விளக்கு எரியத் தொடங்கியபோது பிள்ளைகள், "இருங்க தாத்தா, சொல்லி முடிங்க" என்றார்கள்.

பெட்டி மூன்றாண்டுகள் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பள்ளிக்கும் கொண்டுசென்று தமிழ் வகுப்பில் பழந்தமிழ்க் கல்வெட்டுப் படங்களைக் காட்டினேன். தூக்க இருவர் வேண்டியிருந்ததால் அது ஒருமுறையோடு நின்றது. பிறகு கடைகளில் படவீழ்த்திகளும் பெரிய தொலைக்காட்சிகளும் மலிந்தன. அப்பாவும் மறைந்தார். விளக்கில் பாதரசம் இருப்பதால் குப்பையில் எறிய மனமின்றிப் பெட்டியைச் சாமான் அறையில் வைத்தேன்.

சில மாதங்களுக்கு முன் என் மருமகன் இணையத்தில் இருநூறு ரிங்கிட்டுக்கும் குறைவாக ஒரு சிறு எல்.ஈ.டி. படவீழ்த்தி வாங்கினான். விசிறியில் இரைச்சல் வரவே திறந்து பார்க்கச் சொன்னான். நான்கு திருகுகள். உள்ளே ஓர் எல்.ஈ.டி., வட்ட வரிகளிட்ட ஒரு நெகிழித் தகடு, ஒரே ஓர் எல்.சி.டி. பலகம், மீண்டும் வரியிட்ட தகடு, வில்லை. என் மரப்பெட்டியை உள்ளங்கையளவில் சுருக்கி வைத்ததுபோல் இருந்தது. விசிறியில் தூசு. துடைத்துவிட்டு, மூடுமுன் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து பலகத்தைப் பார்த்தேன். படம் தலைகீழாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.