மணலும் எல்லையும்: சிங்கப்பூரின் நில விரிவு பற்றிய ஒரு நோக்கு

பொன்னையும் எண்ணெயையும் முன்னிட்டு எழுந்த பூசல்களை வரலாறு விரிவாகப் பேசுகின்றது. மணல் அவ்வாறு பேசப்படுவதில்லை. எங்கும் கிடப்பது என்ற எண்ணமே அதற்குக் காரணமாகும். ஆயின், ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடி தொன் மணலையும் சரளையையும் பயன்படுத்துகின்றது. பாலைவன மணல் காற்றினால் உருண்டு தேய்ந்திருத்தலின் கொங்கிறீற்றுக்கு ஏற்றதன்று. எனவே ஆற்றையும் கடலையுமே நாடவேண்டியுள்ளது. இந்நாட்டத்தின் விளைவினைச் சிங்கப்பூரின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

1822இல் சிறு குன்றொன்றை வெட்டி ஆற்றங்கரைச் சதுப்பை நிரப்பியதே அங்கு நிகழ்ந்த முதல் நிலமீட்பாகக் கருதப்படுகின்றது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கரைத் திட்டத்துக்கும் உள்நாட்டுக் குன்றுகள் மண் வழங்கின. குன்றுகள் குறைந்தபின்னர் அயல்நாட்டு மணல் தேவைப்பட்டது. 1960இல் ஏறத்தாழ 581 சதுர கிலோமீற்றராயிருந்த நிலப்பரப்பு இன்று 730 சதுர கிலோமீற்றரைக் கடந்துள்ளது.

ஒரு கரை வளர, மறுகரை தேய்ந்தது. மலேசியா 1997இலும் இந்தோனேசியா 2003இலும் கடல்மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தன. இந்தோனேசியாவின் எல்லைத் தீவாகிய நிபா, மணல் அகழ்வினால் நீரில் மறையும் நிலையை எய்தியது. தீவு மறையின் கடலெல்லையை அளக்கும் அடிப்புள்ளியும் மறையுமன்றோ? 2007இல் அந்நாடு நிலமணல் ஏற்றுமதியையும் தடுத்தது.

அதன்பின் கம்போடியாவின் கோ கொங் மாகாணக் கழிமுகங்கள் அகழப்பட்டன. மீனும் நண்டும் அருகினவென அங்குள்ள மீனவர் முறையிட்டனர். 2007 முதலான சுமார் பத்தாண்டுகளில் அந்நாட்டிலிருந்து 7 கோடி தொன்னுக்கு மேற்பட்ட மணல் வந்ததாகச் சிங்கப்பூரின் வணிகப் பதிவுகள் கூறின. கம்போடியாவின் பதிவுகளோ 30 இலட்சம் தொன்னுக்கும் குறைவாகவே காட்டின. இம்முரண்பாடு எழுப்பிய கண்டனங்களின் மத்தியில் 2017இல் கம்போடியாவும் தடை விதித்தது.

இவற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தனித்தனி நாடுகள் விதித்த தடைகள் அகழ்வை ஒழிக்கவில்லை. வலுக்குறைந்த காவலுடைய கரைக்கு அதனை நகர்த்தின. மணலின் தட்டுப்பாடே வேறு வழியைத் தேடச்செய்தது. அணைகட்டி, நீரை இறைத்து, குறைந்த மணலுடன் நிலம்பெறும் முறையினைத் தெக்கோங் தீவில் கையாளப்போவதாகச் சிங்கப்பூர் 2016இல் அறிவித்தது. மணலின் விலையில் மீனவரின் இழப்பும் சேர்த்து எண்ணப்பட்டிருப்பின், இவ்வழி முன்னரே நாடப்பட்டிருக்கும் எனலாம்.