பட்ட துயரும் படைத்த நாவலும்

கதை எழுதுவோர் தம் வாழ்க்கையையே எழுதுகின்றனர் என்பார் சிலர். முற்றிலும் கற்பனை என்பார் வேறு சிலர். இவ்விரண்டில் எது உண்மை? மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது.

1906-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், புரசைவாக்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்து, அங்கிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராகப் பணியாற்றியமையால் பின்னர் அங்குச் சென்று, மகாராஜா கல்லூரியில் 1930-இல் பட்டம் பெற்றார். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், எழுத்தில் ஆங்கிலம் என்று அமைந்தது அவர் வாழ்வு. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று.

1935-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் 'சுவாமியும் நண்பர்களும்'. அதில் வேத பாட ஆசிரியர் இந்துக் கடவுளரை இகழ்ந்து பேசும் காட்சி வருகிறது. ஆசிரியர் தம் பள்ளியில் கண்டதையே ஏறத்தாழ அவ்வாறே எடுத்தாண்டார் எனலாம்.

இரண்டாம் நாவலில் முறை மாறுகிறது. கோயம்புத்தூரில் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ராஜம் என்னும் பெண்ணைக் கண்டு நாராயண் காதல் கொண்டார். ஜாதகம் பொருந்தவில்லை, எனினும் 1934-இல் திருமணம் நிறைவேறியது. 1937-இல் வெளிவந்த 'பி.ஏ.' நாவலில் சந்திரனும் ஒரு பெண்ணைக் கண்டு மயங்குகிறான். அங்கும் ஜாதகம் குறுக்கிடுகிறது. திருமணம் நடவாமலே போகிறது. தமக்குக் கிட்டிய பேற்றைத் தம் கதாநாயகனுக்கு ஆசிரியர் அளிக்கவில்லை. இளைஞனின் ஏமாற்றத்தைச் சித்திரிப்பதே அக்கதையின் நோக்கமாயிற்று.

1939-இல் ராஜம் டைபாய்டு காய்ச்சலால் மாண்டார். சிறு பெண் குழந்தையுடன் தனித்து நின்றார் நாராயண். 1938-இல் வெளிவந்த 'இருட்டறை'க்குப் பின் ஏழாண்டுகள் வரை அவரது அடுத்த நாவல் வெளிவரவில்லை. 1945-இல் வந்தது 'ஆங்கில ஆசிரியர்'. அதில் கிருஷ்ணனின் மனைவி சுசீலா டைபாய்டு கண்டு இறக்கிறாள். ஒரு பெண் குழந்தை எஞ்சுகிறது. சென்னையில் ஓர் அன்பர் வாயிலாக மறைந்த மனைவியுடன் தொடர்புகொள்ள நாராயண் முயன்றதும் கிருஷ்ணனின் அனுபவமாக நாவலில் இடம் பெறுகிறது. தம் நூல்களுள் இதுவே மிகுதியும் தன்வரலாறு சார்ந்தது என்று 1974-இல் வெளியான 'என் நாட்கள்' நூலில் அவரே கூறுகிறார்.

எனினும் மாற்றமே இல்லை என்பதற்கில்லை. நாராயண் ஆசிரியப் பணியில் இருந்தது மிகச் சில நாட்களே. கிருஷ்ணனோ கல்லூரி ஆசிரியன். மைசூரின் இடத்தில் மால்குடி நிற்கிறது. கதாநாயகனுக்கு வேறு தொழிலும் வேறு ஊரும் அளித்தபின், தம் துயரைச் சற்றே விலகி நின்று நோக்க ஆசிரியருக்கு இயன்றிருக்க வேண்டும். சந்திரனின் திருமணத்தை மாற்ற முடிந்தவர் சுசீலாவின் மரணத்தை மாற்ற முனையவில்லை. அதன்பின் ஒருவன் எவ்வாறு வாழ்வது என்பதையே எழுதினார். கதையின் இறுதியில் கிருஷ்ணன் கல்லூரி வேலையைத் துறந்து மன அமைதி பெறுகிறான்.

ஆகவே, நாவலைப் படித்து ஆசிரியரின் நாட்குறிப்பைப் படித்ததாக நாம் எண்ணலாகாது. வாழ்வு அவருக்குப் பொருளைத் தந்தது. எதனைக் கொள்வது, எதனை மாற்றுவது என்ற தேர்வு அவருடையது. அத்தேர்வினாலேயே மைசூரின் ஒரு வீட்டில் நேர்ந்த துயரம், ராஜம் அம்மையாரை ஒருபோதும் கண்டிராத வாசகருக்கும் சொந்தத் துயரமாகிறது.